டி.வி.யில் ஊதாத் திட்டு

ஜூலை 12, சனி

கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி. காயப்போட்ட சாரன் பக்கத்து வளவில். கண்ணுக்குச் சொட்டு மருந்து காலை 6, பகல் 2, பின்னேரம் 6, இரவு 10. நாலும் நான்தான் விட வேண்டும். இவர் தலையை ஆட்டாமல் ஒரு தரமும் விட விட்டதில்லை.

இவருக்கு இடது கண் ஒப்பரேசன் முடிந்து பத்து நாள். வலது கண்ணுக்கு வருகிற வியாழன். போகமாட்டாராம். காரணம் டி.வி. படத்தின் வலது பக்கம் ஊதா, கீழே பச்சை. செய்தி வாசிக்கிற பிள்ளைக்கு ஒரு கன்னம் மட்டும் கத்தரிக்காய் நிறம். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்திப் பார்க்கிறார். பழைய கண்ணில் எல்லாமே புகை, அதில் ஊதா எங்கே தெரியும்? புதுக் கண்ணில் தெரிகிறது. ஆகவே டொக்டர் கண்ணைப் பழுதாக்கிவிட்டார். தீர்ப்பு முடிந்தது.

எனக்கும் ஊதாதான் தெரிகிறது என்றேன். ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்காக நான் சொல்கிற பொய்யாம். முப்பத்தொரு வருசம் குடும்பம் நடத்திய லட்சணம்.

ஞாயிறு 13

வெயில். செய்தவை:
– மதிலில் ஏறி அன்ரனா பைப்பைக் கடல் பக்கம் திருப்பினேன்: புள்ளி. வயல் பக்கம்: எல்லாருக்கும் இரண்டு தலை.
– வயரைக் கழற்றி, முனையைச் சுரண்டி மாட்டினேன்.
– கலரை முழுக்கக் குறைத்தேன். எல்லார் முகமும் சாம்பல். ஊதா மட்டும் அசையவில்லை.
– தட்டினேன். பலமாக.

மகள் அக்கரைப்பற்றிலிருந்து போன். அந்தப் பெட்டியை வீசிவிட்டுப் புதுசு வாங்கட்டாம். இவர் உடனே, கட்டாரில் உழைத்த காலத்தில் கப்பலில் போட்டு அனுப்பிய சாமான் என்று தொடங்கினார். அவள் போனை வைத்துவிட்டாள். மிச்சத்தைக் கேட்டது நான்.

திங்கள் 14

பள்ளிக்கூடப் பரீட்சைப் பேப்பர் 38. திருத்தியது 6. வீடு வீடாக வந்து டி.வி., ரேடியோ பழுது பார்க்கிற பாண்டிருப்பு சிவத்துக்குப் போன் எடுத்தேன். எல்லாச் சனலிலும் ஒரே இடத்திலா திட்டு என்று கேட்டார். ஓம். அப்படியென்றால் அன்ரனாவில் பிழை இல்லை, நாளைக்கு வருகிறேன் என்றார். மதிலில் ஏறி நின்றதெல்லாம் வீண். முழங்கால் வலி வேறு.

கண் கிளினிக் நேர்ஸும் போன் எடுத்தார். வியாழன் காலை ஏழுக்கு வர வேண்டும், தவறினால் அடுத்த தேதி எப்போது என்று சொல்ல முடியாது. வருவோம் என்றேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போன மாசம் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தது மறந்துபோயிற்று. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இனி எத்தனை நாள் ஓட்டுவார்?

செவ்வாய் 15

சிவம் 4.30க்கு வந்தார். டி.வி. பெட்டியைத் திறக்கவே இல்லை. டி.வி. மேசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இது பள்ளிவாசல் ஹோர்ன்தானே?"

ஓம். பள்ளிவாசலில் புது ஸ்பீக்கர் பூட்டியபோது கழற்றிய பழையது. இவர் பொறுப்பெடுத்துக் கொண்டுவந்தார், ஒப்பரேசனுக்கு மூன்று நாள் முந்தி. நிலத்தில் வைக்க விடவில்லை. பாங்கு சொன்ன சாமான், கால் படுகிற இடத்தில் வைக்கலாமா என்றார். ஆகவே டி.வி. மேசை. ஹோர்னின் பின்பக்கம் பெரிய காந்தமாம். பக்கத்தில் இருந்தால் பழைய டி.வி.யின் நிறம் இழுபடுமாம்.

தரம் ஆறுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன் நான். காந்தமும் இரும்புத் தூளும். வெட்கக்கேடு. தினமும் அதைத் துடைத்து, இன்னும் கிட்டத் தள்ளி வைத்ததும் நான்தான்.

அலுமாரிக்கு மேல் வெள்ளைத் துணி விரித்து ஹோர்னை மாற்றினோம். திட்டு உடனே போகாதாம். அரை மணித்தியாலம் அணைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். 'தும்' என்று ஒரு சத்தம் வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழியும் என்றார். 5.10 தும். 5.45 தும். மஃரிப் தொழுதுவிட்டு தும். ஊதா இப்போது மூலையில், உள்ளங்கை அளவு.

இவர்: "நாளைக்கும் இரிக்கும், பாரு."

புதன் 16

காற்று இல்லை. புழுக்கம். காலையில் தும். பள்ளிக்கூடம் விட்டு வந்து தும். படம் துப்புரவு. செய்திப் பிள்ளைக்கு இரண்டு கன்னமும் ஒரே நிறம். அல்ஹம்துலில்லாஹ்.

இவரைக் கதிரையில் இருத்தி, பழைய கண்ணைப் பொத்தச் சொன்னேன். கனநேரம் பார்த்தார். இனி என்ன சாட்டு என்று கேட்டேன். வென்றுவிட்டேன் என்ற துள்ளல் எனக்கு இருந்தது உண்மை.

"ஊதா இல்ல," என்றார். பொத்திய கையை எடுக்கவில்லை. "அண்டைக்கு ஒப்பரேசன்ல கண்ணுக்கிட்ட ஊசி வரக்குள்ள எனக்குத் தெரிஞ்ச. முழிப்பாத்தானே கிடந்த நான். ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல. எனக்குப் பயம், புள்ள."

ஐந்து நாளாக டி.வி.யோடு மல்லுக்கட்டினேன். பயமா என்று இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது, இந்தப் புழுக்கத்தில்.

பிறகு அவராகவே எழும்பி, நாளைக்குப் போடுகிற சேர்ட்டை எடுத்து வைத்தார். நான் லீவு சொல்லிவிட்டேன். உள்ளே பக்கத்தில் நிற்க விடுவார்களா என்று நேர்ஸிடம் கேட்க வேண்டும். விடாவிட்டால் கதவுக்கு வெளியே நின்று ஓதுவேன். அவருக்குக் கேட்கும்படி, சத்தமாக.