நீ ஃபோனில் கேட்ட காற்று

உன் தெர்மாமீட்டர் திரும்பி வந்துவிட்டது. உன்னுடையது என்ன, நான் வேலை செய்யும் கருமத்தம்பட்டி சாயப் பட்டறையிலிருந்து நீ தூக்கிக்கொண்டு போனது. பித்தளை உறையெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன், சாய நெடி போய்விட்டது. உப்பும் மீனும் டீசலும் நாறுகின்றன. நாம் திரித்துக் கட்டிய சிவப்பு நூல்கயிறு இன்னும் அவிழவில்லை. கவிழ்ந்த படகை இழுத்து வந்தபோது அதன் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்ததாம். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

தெர்மாமீட்டரை மூன்று முடிச்சுப் போட்டுப் படகில் கட்டத் தெரிந்தவனுக்கு, தன் இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளத் தெரியவில்லையா? உன் வீட்டில் நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடித்து, எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். என்னால் முடியவில்லை. எனக்கு உன்மேல் கோபம். சாதாரணக் கோபம் இல்லை.

போத்தனூர் பிரவுசிங் சென்டர் ஞாபகமிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டர் தூக்கும்போதே நாம் வாசலில் நிற்போம். செயற்கைக்கோள் எடுத்த கடல் சூட்டுப் படம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கும். "குஜராத் வந்துடுச்சு மாப்ளே! பம்பாய் வந்துடுச்சு! டேய், கோவாடா கோவா!" என்று நீ கிரிக்கெட் கமெண்ட்ரி போலக் கத்துவாய். கேரளா இறங்குவதற்குள் லைன் அறுந்துவிடும். மறுபடியும் குஜராத்.

"ஏனுங் தம்பி, மீன் வேணும்னா மார்க்கெட்டுக்குப் போங்க. எதுக்குங்க என்ற மிஷினைப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க?" என்பார் சென்டர்காரர்.

"மார்க்கெட்டுல இருந்துதானுங்க வாரேன். அங்க மீன் வரலீன்னுதான் இங்க வந்து தேடறேன்" என்பாய் நீ.

அது பாதி நிஜம். உக்கடத்தில் உங்க அத்தாவின் மீன் கடைக்குப் பொன்னானியிலிருந்துதான் ஐஸ் போட்டு லாரி வரும். பல நாள் வெறும் ஐஸ்தான் வரும். படகு எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும் என்று ஆரம்பித்தாய். நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எந்தெந்த நாட்டிலோ தூண்டில் போடுகிறவர்கள் எழுதியதைத் தட்டுத்தடுமாறிப் படித்தோம். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்தால் இரையும் கூட வரும்; சின்ன மீன் வரும்; அதைத் தின்னப் பெரிய மீன் வரும்; சூடும் குளிரும் உரசும் ஓரத்தில் அவை நிற்கும். இவ்வளவுதான் நம் படிப்பு. சென்டரில் கறுப்பு வெள்ளை பிரிண்டர்தான். ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து, சூட்டுக்குச் சிவப்பும் குளிருக்கு நீலமும் ஸ்கெட்ச் பேனாவில் நாமே தீட்டினோம். நீலம் மூன்று வாரத்தில் தீர்ந்துபோனது.

மார்கழியில் ஒருநாள் பொன்னானிக்கு எதிரே கடலில் நீல வட்டம் ஒன்று விழுந்தது. நீ நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தாய். "இது நம்மூர்க் காத்துடா! பாலக்காட்டுக் கணவாய் வழியா போய், கடல்ல மேல இருக்கற சூட்டுத் தண்ணியத் தள்ளிவுட்டுடுது. அதான் அடித்தண்ணி மேல வருது. மாப்ளே, உன்ற பட்டறையில நூலு காய வெக்கற காத்துதான்டா அங்க மீனைக் கூப்புடுது!"

எனக்குப் புல்லரித்தது. இப்போது எழுதும்போதும் புல்லரிக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

மார்க்கெட்டில் சும்மா விட்டார்களா? "கோயமுத்தூருல குந்திக்கிட்டு கடல்ல மீன் புடிக்கறானாமா! அப்படியே நொய்யல் ஆத்துலயும் ஒரு திமிங்கலத்தைக் காட்டுப்பா!" உனக்கு ரோஷம். நாம் தீட்டிய படத்தோடு பொன்னானிக்குப் போய், நீ இக்கா என்று கூப்பிடும் படகுக்காரரை நச்சரித்தாய். முதல் தடவையே வலை நிறைந்தது. மார்க்கெட்டே வாய் பிளந்தது. அந்த ஒரு தடவை நமக்கு மீன் கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

தை பிறந்ததும் மறுபடியும் போனாய். காலை எட்டரைக்குப் பொன்னானியிலிருந்து பட்டறைக்கு ஃபோன் பண்ணினாய்.

"மாப்ளே, ஊருல காத்து எப்படி?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூங்கிலில் தொங்கிய மஞ்சள் நூலெல்லாம் மேற்கே பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. "பிச்சுக்கிட்டு அடிக்குதுடா! இப்பப் போட்ட நூலு மத்தியானத்துக்குள்ள காஞ்சுபோடும். மொதலாளியே சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு. நீலம் இன்னிக்கு இன்னும் பெருசாகும். நிக்காத, போடா!"

"போறன்டா. உனக்கு ஒரு வஞ்சரம் வருது, உங்கம்மாவ மொளகாய் அரைச்சு வெக்கச் சொல்லு."

அவ்வளவுதான் நாம் கடைசியாகப் பேசியது.

காற்று என்றால் இங்கே நல்லதுடா. காற்று இல்லாத நாளில்தான் பட்டறையில் முகம் சுளிப்பார்கள். மீனுக்கு என்ன ஆகும் என்று இருவரும் அவ்வளவு படித்தோமே, படகுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி படித்தோமா? கரையிலிருந்து அடிக்கும் காற்று, போகும்போது தள்ளிவிடும், வரும்போது விடாது. இது அந்தக் கரையில் எந்தச் சின்னக் குழந்தைக்கும் தெரியுமாம். இவ்வளவு தெரிந்த இக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ ஏன்டா எனக்கு ஃபோன் பண்ணினாய்?

நாற்பதாம் நாளுக்கு வந்த இக்காதான் தெர்மாமீட்டரைக் கொடுத்தார். உங்கள் வீட்டு முன்னறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நான் வேண்டாம்னு சொன்னேன். கரைக்காத்து ஏறுது, இன்னிக்கு வேண்டாம்னு. அவன் சொன்னான், 'எங்க ஊர்ல கேட்டுட்டேன் இக்கா, எல்லாம் சரியா இருக்கு'ன்னு. முதல் தடவை மீன் கிடைச்சதல்லோ, நம்பிட்டேன்." என் கையிலிருந்த தெர்மாமீட்டரைக் காட்டினார். "அங்க போய் இதைத் தண்ணியில விட்டுப் பார்த்து, 'இருபத்தாறரை! இருபத்தாறரை!'ன்னு கூத்தாடினான். மீனும் இருந்தது. திரும்பும்போதுதான் அலை முன்னால வந்து ஏறிச்சு. நானும் இன்னொருத்தனும் ஐஸ் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டோம்."

இருபத்தாறரை டிகிரி, சுற்றியுள்ள கடலைவிடக் குளிர்ச்சி. அப்படியென்றால் நாம் தீட்டிய நீலம் சரி. நீ சொன்னதெல்லாம் சரி. கம்ப்யூட்டர் பைத்தியம் என்று உன்னை அன்று ஏசிய மார்க்கெட்காரன் சட்டையைப் பிடித்து இதைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சொல்லி என்ன? சரியாகச் சொன்னவன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டாமா?

"ஊர்ல கேட்டான்னு சொன்னீங்களே, அது நானுங்க" என்றேன். "நாந்தானுங்க போகச் சொன்னது."

உங்க அத்தாவும் அங்கேதான் இருந்தார். யாராவது ஒருவர் என்னை அறைந்திருக்கலாம். இக்கா ஆறிப்போன டீயை முழுவதும் குடித்தார். பிறகு, அவர்கள் படகுத்துறை டீக்கடையின் ஃபோன் நம்பரைப் பீடிக்கட்டு அட்டையில் எழுதி என் கையில் வைத்தார்.

"காத்து முதல்ல உங்களுக்குத்தானே வருது. இனி அடிச்சா, போன்னு சொல்லாதே. போகாதேன்னு சொல்லு."

இப்போது பட்டறையில் நூல் மேற்கே பறந்தால் நான் எஸ்டிடி பூத்துக்கு ஓடுகிறேன். இன்று காலையும் ஓடினேன். தெர்மாமீட்டர் சட்டைப் பையில் இடித்துக்கொண்டே இருந்தது.

"காத்து பலமா அடிக்குதுங்க. இன்னிக்கு யாரும் போக வேண்டாமுங்க."

அந்தப் பக்கம் டீ ஆற்றுகிறவர் யாரிடமோ கத்திக் கேட்டுவிட்டு வந்தார். "சரி. போகலையாம்."

ஒரே ஒரு ஃபோன். இவ்வளவு சுலபமாக நின்றுவிடுகிறார்கள்டா.