அம்மாவின் வலது கால்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பிரேக் வேலை, ஒரு ஹார்ன் வேலை. மதியம் ஒர்க்‌ஷாப்புக்கு அம்மா வந்தாள். காரில் இல்லை, பஸ்ஸில். முகமே சரியில்லை.

போன சனிக்கிழமை தன் சிநேகிதி தையல்காரம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும்போது மேம்பாலத்தின் நடுவில் வண்டி திடீரென்று தொய்ந்துவிட்டதாம். எவ்வளவு மிதித்தாலும் நடை வேகம்தான். பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். இப்படி ஆவது முதல் தடவை இல்லை. அண்ணன் போய் வண்டியை அணைத்துத் திரும்பக் கிளப்பியதும் நல்லபிள்ளையாக ஓடியிருக்கிறது.

"வண்டில ஒண்ணும் இல்லம்மா. உனக்குத்தான் மிதிக்கத் தெரியல" என்று சொல்லிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டானாம்.

அப்பா போன பிறகு, அறுபது தாண்டி, ஓட்டக் கற்றுக்கொண்டவள். அவளிடம் போய் அப்படியா சொல்வான்?

மார்ச் 5, புதன்

அண்ணன் வீட்டுக்குப் போய் வண்டியை எடுத்துவந்தேன். சாவியைக் கொடுக்கும்போது சொன்னான்: "பாரு, வேணாங்கல. ஆனா சும்மா மனசு திருப்திக்காக 'சரியாயிடுச்சு'ன்னு சொல்லிடாத. பாலத்து மேல ஏதாவது ஆச்சுன்னா?"

அவனுக்குப் பயம். அதைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும். அண்ணி கதவோரம் நின்றவள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரை மாட்டினேன். பிழை எதுவுமே பதிவாகியிருக்கவில்லை. அன்றே அண்ணன் கொண்டுபோய்க் காட்டிய வேறொரு ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றையும் அழித்து அனுப்பியிருக்கிறார்கள். நல்லா வேலை பாத்தாங்க போ.

மார்ச் 6, வியாழன்

என் சந்தேகம் பெடல் சென்சார் மேல். இந்த வண்டியில் ஆக்ஸிலேட்டருக்குக் கேபிள் கிடையாது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைச் சென்சாருக்குள் இருக்கும் இரண்டு தடங்கள் தனித்தனியாக இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இரண்டு பேச்சும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்யூட்டர் இருவரையும் நம்பாது. வண்டியை ஊர விட்டுவிடும்.

ஆனால் இரண்டும் ஒத்துத்தான் போகின்றன! கனெக்டரைக் கழற்றித் துடைத்தேன். வயரை ஆட்டினேன், இழுத்தேன். மின்சாரம் சரியாக வருகிறது, எர்த் சரி. பெடலை அழுத்தி அழுத்தி விட்டேன். திரையில் இரண்டு கோடுகளும் அக்கா தங்கை மாதிரி சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின.

"பேசாம புதுப் பெடலைப் போட்டுட்டுப் போயேன்" என்றாள் சுருட்டை. ஒர்க்‌ஷாப்பில் என் கூட்டாளி. பெயின்ட் வேலை அவளுடையது. போடலாம். ஆனால் கோளாறு வேறெங்கோ இருந்து, அம்மா மறுபடி பாலத்தில் நின்றால்?

மார்ச் 7, வெள்ளி

நானே ஓட்டினேன். மேம்பாலம் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. தங்கமாக ஓடுகிறது. எரிச்சலாக வருகிறது.

மார்ச் 8, சனி

அம்மா போன் செய்தாள். தையல்காரம்மா இன்று டாக்சியில் போனாளாம், தனியாக. பிறகு மெதுவாக, "ஏண்டி, எனக்குத்தான் வயசாயிடுச்சா?"

"தெரியலம்மா" என்று வாயில் வந்துவிட்டது. வண்டியைப் பற்றித்தான் சொன்னேன். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, வெச்சுடறேன்."

ச்சே. தெரியலன்னா தெரியலதான், ஆனா அதச் சொல்ற நேரமா அது?

இப்போது கொஞ்சம் ஆறியபின் ஒன்று தோன்றுகிறது — கோளாறு அவள் ஓட்டும்போதுதானே வருகிறது? அப்படியென்றால் அவளையே ஓட்டவிட்டுப் பார்த்தால் என்ன?

மார்ச் 10, திங்கள்

கண்டுபிடிச்சாச்சு!

விளையாட்டு மைதானத்தைச் சுற்றிய காலிச் சாலை. அம்மா ஓட்ட, நான் பக்கத்தில், மடியில் ஸ்கேனர். முதல் சுற்றில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி முன்னாலேயே பார்த்தபடி ஓட்டினாள். சுற்றச் சுற்ற அவளுடைய வழக்கமான நிதானம் வந்தது. திரையில் கோடு சமமாக, மேசை விளிம்பு போல. அதில் திடீரென்று ஒரு துடிப்பு. ஒரு தடத்தில் மட்டும்.

"அம்மா, அப்படியே வெச்சுக்கோ!"

"என்னத்தடி?"

"கால! அசைக்காத!"

மறுபடி துடிப்பு, பெரிதாக. இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி தொய்ந்து ஊர்ந்தது. நான் கைதட்டிவிட்டேன்.

"வண்டி படுத்துடுச்சுன்னு இப்படிக் குதிக்கறவளை இப்பதான் பாக்கறேன்" என்றாள் அம்மா. ஆனால் அவளுக்கும் சிரிப்பு. ஓரம்கட்டி நிறுத்திவிட்டு வெகுநேரம் இருவரும் சிரித்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது சிரிப்பால் மட்டும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

பெடலைக் கழற்றிச் சென்சாரைப் பிரித்துப் பார்த்தேன். கறுப்புத் தடத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் தேய்ந்து வெளிறியிருந்தது. அம்மாவின் கால் எப்போதும் நிற்கும் இடம். இத்தனை வருடமும் ஒரே அளவாக மிதித்து ஓட்டியிருக்கிறாள். நானோ அண்ணனோ அழுத்துவோம், விடுவோம். எங்கள் கால் அந்த இடத்தில் தங்குவதே இல்லை. கடக்கும்போது கோளாறும் தெரியாமல் கடந்துவிடுகிறது.

சுருட்டையிடம் காட்டினேன். "ஓட்டத் தெரியாதவங்களுக்கு இப்படித் தேயாதே" என்றாள். முத்தம் கொடுக்காத குறை.

புதுப் பெடலுக்குச் சொல்லியாயிற்று.

மார்ச் 14, வெள்ளி

பெடல் வந்தது, மாட்டினேன். அம்மாவை வைத்து மைதானத்தை அலுக்கும்வரை சுற்றினோம். துடிப்பே இல்லை. பிறகுதான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

தேய்ந்த தடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மன்னிப்பெல்லாம் அவன் வாயில் வராது. சாவியை அம்மா கையில் வைத்துவிட்டு, "ரொம்ப வேகமாப் போகாத" என்றான்.

"வேகமாப் போகாததாலதான்டா இவ்வளவும்!"

சுருட்டை பெயின்ட் டப்பாவைக் கீழே போட்டுவிட்டாள். அண்ணனே சிரித்துவிட்டான்.

மார்ச் 15, சனி

தையல்காரம்மா அம்மாவோடு போய்வந்தாள். முன்சீட்டில்.

மார்ச் 23, ஞாயிறு

எல்லோருமாகக் கடலுக்குப் போனோம். அம்மா ஓட்டினாள், நான் பக்கத்தில். நெடுஞ்சாலை ஏறியதும் லாரிகள் இரண்டு பக்கமும். பின்னால் அண்ணனிடமிருந்து சத்தமே இல்லை. ஏதோ சொல்லப்போகிறான் என்று திரும்பினேன். அண்ணி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

அவள் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.