வெல்டு வைக்க வேண்டாம்

கவரைப்பேட்டை
5-11-1969

அன்புள்ள மாப்பிள்ளை மணவாளன் அவர்களுக்கு,

உங்கள் மச்சான் முனிகிருஷ்ணன் எழுதுவது. நானும் உங்கள் சம்சாரம் குணசுந்தரியும் இங்கே சௌக்கியம். இமயமலைக் குளிரில் நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று என் தங்கச்சி தினமும் விளக்கேற்றுகிறாள். எண்ணெய் வாங்கித் தருவது நான்தான் என்பதை மறக்க வேண்டாம்.

போஸ்ட்மேன் முனுசாமி பட்டறை வாசலில் நின்று என் பெயரைச் சொன்னபோது நான் நம்பவில்லை. குணசுந்தரிக்கு மாதம் தவறாமல் உங்கள் கடிதம் வருகிறது. அதில் எனக்கென்று ஒரு வரி இருந்ததில்லை. நீங்கள் பட்டறையை விட்டுப் போய் ஒரு வருஷம் இரண்டு மாதம் கழித்து இப்போது என் பெயருக்கே ஒரு கவர். கையில் இருந்த கிரீஸைத் துடைக்காமலே பிரித்துவிட்டேன்.

விஷயம் புரிந்தது. பெரிய மெஷின் திரும்ப முடியாத ராணுவக் கேம்ப் பாதையில் பனியைத் தள்ள வேண்டும். அதற்கு ஒரு சின்ன பிக்கப் வண்டிக்கு முன்னால் தகடு மாட்டத் தெரிந்தவன் யார் என்று உங்கள் ஆபீசர் கேட்டார், நீங்கள் கையைத் தூக்கிவிட்டீர்கள். தூக்கிய பிறகுதான் யோசித்தீர்கள். அடேயப்பா, ஆள் மாறவே இல்லை!

பனி என்றால் எனக்குத் தெரிந்தது மார்கழி மாசத்துப் பனியும், மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸும்தான். நேற்று அரைக் கட்டி ஐஸ் வாங்கி வந்து சம்மட்டியால் பொடித்து, தகரத்தை எப்படிச் சாய்த்தால் நன்றாக ஒதுங்குகிறது என்று வாசலில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். குணசுந்தரி விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நம் பழவேற்காட்டு ரோட்டில் மணல் தள்ளுவது போலத்தான் இதுவும் என்று தோன்றுகிறது. தகட்டைப் பம்பரில் மாட்டாதீர்கள், பம்பர் அழகுக்கு வைத்தது. சேஸிஸிலிருந்து இரண்டு கை நீட்டி அதில் தகட்டை உட்கார வையுங்கள். அடி விளிம்புக்கு லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று கொடுத்தால் சீக்கிரம் தேயாது. ரேடியேட்டரை மறைத்தால் அந்தக் குளிரிலும் இன்ஜின் கொதித்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வண்டிக்கு முன்பாரம் ஏறினால் பின் சக்கரம் சும்மா சுற்றும், அதனால் பின்னால் நாலு மூட்டை மண் ஏற்றுங்கள். படம் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டு அனுப்புகிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. கை இரண்டையும் தகட்டோடு சுற்றிலும் இடைவெளி இல்லாமல் வெல்டு வைத்துவிடுங்கள். விளிம்பு தரையை உரசிக்கொண்டே போக வேண்டும். போல்ட்டு, முளை என்று உங்கள் பழைய புத்தியை அங்கே காட்ட வேண்டாம். ஆடுவது உடையும். இது என் பட்டறைச் சட்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குச் சண்டை வந்ததும் இதில்தான். நான் வெல்டு வைக்கச் சொன்ன இடத்தில் நீங்கள் போல்ட்டு போட்டீர்கள். வண்டிக்காரர் எதிரிலேயே, சொன்ன பேச்சைக் கேட்காதவனுக்கு இந்தப் பட்டறையில் இடமில்லை என்று சொல்லி உங்கள் ஸ்பேனரை வாசலில் போகும் கல்கத்தா ரோட்டில் வீசினேன். ஏதோ ஒரு கோபம், போகட்டும். இந்த ஒரு தடவையாவது நான் சொன்னபடி செய்யுங்கள்.

இங்கே புயல் மழைக்குப் பிறகு பழவேற்காட்டு ரோடு முழுக்க மணல் ஏறிக் கிடக்கிறது. காண்ட்ராக்டர் அருணாச்சலம் தன் வண்டிக்கும் இதே மாதிரி தகடு கேட்கிறார். நீங்கள் அங்கே மாட்டுங்கள், நான் இங்கே மாட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
முனிகிருஷ்ணன்


கவரைப்பேட்டை
19-11-1969

மாப்பிள்ளை மணவாளன் அவர்களுக்கு,

முதலில் இதைப் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். தகட்டுக்கு வெல்டு வைக்க வேண்டாம். வைத்திருந்தால் அறுத்துவிடுங்கள். அறுக்கும்வரை அந்த வண்டியில் நீங்கள் ஏறக் கூடாது, வேறு யாரையும் ஏற்றவும் கூடாது.

நேற்றே தந்தி அடித்தேன். தந்தி ஆபீசில் இங்கிலீஷில் நாலே வார்த்தையாக்கிக் கொடுத்தார்கள். அந்த நாலு வார்த்தை உங்களுக்குப் புரிந்ததா, கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. உங்கள் விலாசத்தில் ஊர்ப் பெயரே இல்லை, நம்பர் மட்டும் இருக்கிறது. நம்பரைப் பார்த்து நான் எந்த ரயில் ஏறுவேன்? நேற்று முழுக்க இதையே நினைத்தேன். தந்தி மலைமேல் வர வேண்டுமானால் பாதையில் பனியைத் தள்ளியிருக்க வேண்டும். தள்ளுவது உங்கள் வண்டி. ஐயோ, என்ன பாவம் செய்தேனோ.

நடந்ததைச் சொல்கிறேன். அருணாச்சலத்தின் பிக்கப்புக்கு, உங்களுக்கு அனுப்பிய அதே படத்தை வைத்துத்தான் தகடு மாட்டினேன். திங்கட்கிழமை காலை பழவேற்காட்டு ரோட்டில் இறக்கினோம். டிரைவர் குப்பன் ஓட்டினான், நான் பின்னால் மண் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். மணல் இரண்டு பக்கமும் ஒதுங்கி ஒதுங்கி விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை பார்க்க வேண்டும், போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புயலில் ஒரு மைல்கல் சாய்ந்து மணலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. விளிம்பு அதில் போய் முட்டியது. வண்டி மனுஷன் நடக்கிற வேகத்தில்தான் போனது, சத்தியமாகச் சொல்கிறேன். அப்படியும் ஒரு பக்கமாகச் சுழன்று, ரோட்டை விட்டு இறங்கி, ஏரிச் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. குப்பன் ஸ்டீயரிங்கில் மோதி முன்பல் இரண்டு போய்விட்டது, காறை எலும்பும் முறிந்துவிட்டது. நான் சேற்றில் போய் விழுந்தேன். எனக்கு ஒன்றுமில்லை.

என் வெல்டு உடையவில்லை மாப்பிள்ளை. அதுதான் என்னைக் கொல்கிறது. ஒரு மயிரிழைகூட விரியவில்லை. சேஸிஸ் கோணிப்போயிருக்கிறது, ஆக்ஸில் வளைந்திருக்கிறது, ஒரு மனுஷனின் எலும்பு முறிந்திருக்கிறது, வெல்டு மட்டும் புதுசு போல இருக்கிறது. குப்பன் வாயில் ரத்தத்தோடு என்னைப் பார்த்து, “இன்னா மேஸ்திரி, கல்லு அசையல, வண்டிதான் அசைஞ்சிச்சு” என்றான்.

இங்கே ரோட்டுக்குக் கீழே இடுப்பளவு சேறு. உங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குணசுந்தரிக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அவள் அதை எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். கல்லைத் தூக்கிப் போட்டால் விழுகிற சத்தம் கேட்காது என்று எழுதியிருந்தீர்கள்.

அவளிடம் மறைக்கலாம் என்றுதான் பார்த்தேன். சேறும் சகதியுமாக வந்து நின்றவனைப் பார்த்ததும் அவளே கேட்டாள், சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. “ஏரில பொறந்த நண்டுக்குக்கூட தெரியும், கழி சேத்துல மாட்டிக்கினா கழிய உட்டுடணும், புடிச்சிக்கினு இருந்தா ஆளு தண்ணியில. இரும்பப் பாத்ததும் நீ அத்த மறந்துட்டியாண்ணா” என்றாள். உண்மைதான். பதினைந்து வயது வரை தோணியில் கழி ஊன்றியவன் நான். எத்தனை தடவை கழியை விட்டுவிட்டு, தோணியைத் திருப்பி வந்து எடுத்திருக்கிறேன்! எந்த முட்டாளாவது கழியைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வானா? நான் அதைத்தான் படம் போட்டு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம் அவள் ஒன்று கேட்டாள், அதுதான் தூங்க விடவில்லை. “உன் பேச்சக் கேக்கலன்னுதான அவர தொரத்துன. இந்த தபா கேட்டுட்டாருன்னா இன்னாண்ணா பண்ணுவ” என்றாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாளாகச் சோறு போடுகிறாள், பேச்சு இல்லை.

மாப்பிள்ளை, நீங்கள் கேட்கிற ஆள் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு வருஷம் கழித்து வீம்பை விட்டு எனக்குக் கடிதம் எழுதியவர், இந்தத் தடவை மச்சான் சொன்னபடியே செய்து காட்டுவோம் என்று நினைத்தால்? எனக்குப் பிடிக்க வேண்டுமே என்று நினைத்தால்? பட்டறையில் எதைக் கையில் எடுத்தாலும் இந்த நினைப்பு வந்துவிடுகிறது. வெல்டிங் ராடைப் பற்றவைக்கிறேன், பாதியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். முனுசாமியின் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

தகடு கீழ்ப்பக்கம் கீலில் ஆடட்டும். மேலே இரண்டு கனத்த ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கட்டும். நடுவில் ஒரு மரமுளை செருகுங்கள். கல் முட்டினால் முளை முறியட்டும், தகடு மடங்கட்டும், வண்டி தப்பிக்கட்டும். விளிம்பு தரையைத் தொடவே வேண்டாம், இரண்டு விரல் உயரத்தில் நிற்கட்டும். மிச்சப் பனி கிடந்தால் கிடக்கட்டும்.

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைத்த அன்றே ஒரு கார்டு போடுங்கள். ஒரு வரி போதும். நல்லா கீறேன் என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
முனிகிருஷ்ணன்


கவரைப்பேட்டை
4-12-1969

அன்பு மாப்பிள்ளைக்கு,

நேற்று உங்கள் கார்டு வந்தது. முனுசாமி வழியிலேயே படித்துவிட்டு, தெருமுனையிலிருந்தே “கீறாருய்யா, நல்லா கீறாரு” என்று கத்திக்கொண்டு வந்தார். அடுத்தவர் கார்டைப் படிப்பதற்கு அவரை நாலு திட்டுத் திட்ட வேண்டும். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

கார்டில் தேதி 22 என்று இருக்கிறது. என் தந்தியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, கடிதமும் அதற்குள் வந்திருக்காது. ஆக நீங்களாகத்தான் செய்திருக்கிறீர்கள். மூன்றாம் நாளே உறைந்த பனிக்கு அடியில் பாறை முட்டியது, தகடு மடங்கியது, முளை முறிந்தது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, வேறு முளை செருகிக்கொண்டு மேலே போனோம் என்று சந்தைக்குப் போய் வந்த கதை போல எழுதியிருக்கிறீர்கள். குணசுந்தரி கார்டை என் கையிலிருந்து வாங்கி அந்த வரிகளை இரண்டு தடவை படித்தாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ராத்திரி எனக்குச் சோறு போடும்போது குழம்பு போதுமாண்ணா என்று கேட்டாள். பதினாறு நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

கார்டில் கடைசியில் ஓரமாக, இடம் இல்லாமல் நெருக்கி எழுதியிருக்கிறீர்கள். “மச்சான் சொன்னபடி வெல்டு வைக்கவில்லை, போல்ட்டும் முளையும்தான் போட்டேன், இந்தத் தடவையும் பேச்சைக் கேட்கவில்லை என்று கோபிக்க வேண்டாம்.” அதைப் படித்தபோது பட்டறையில் ஆட்கள் இருந்தார்கள். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

குப்பன் தேறி வருகிறான். பல் கட்டும் செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். தகடு மாட்டின கையைத் தொட்டுக் கும்பிட வேண்டும் மேஸ்திரி, உன் கையை இல்லை, உன் மாப்பிள்ளை கையை என்கிறான். அவன் சொல்வதும் சரிதான்.

உங்கள் ஸ்பேனரை வீசினேன் என்று எழுதினேனே, அன்று சாயங்காலமே ரோட்டைத் தாண்டிப் போய்த் தேடி எடுத்து வந்துவிட்டேன். உங்கள் ஆணியில்தான் மாட்டியிருக்கிறேன், வேறு யாரையும் தொடவிட்டதில்லை. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், துருப் பிடிக்கவில்லை.

பனி முடிந்ததும் லீவு கேளுங்கள். அந்த மலை உங்களைப் பத்திரமாக இறக்கிவிட வேண்டும் என்று இப்போது நானும் விளக்கேற்றுகிறேன். வாருங்கள் மாப்பிள்ளை. வந்து, பட்டறையில் என் எதிரில் நின்று, என் பேச்சைக் கேட்காதீர்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
மச்சான் முனிகிருஷ்ணன்