திரும்பிப்போன படகு

பேசாலை
14.08.2012

அன்புத் தம்பி நிலக்சனுக்கு,

அண்ணன் வின்சன்ட் எழுதுவது. மாதாவின் துணையால் வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் கண்டிக் குளிரில் சுகமாயிருக்க வேண்டுகிறோம். அண்ணி பிரேமிளா உனக்குக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். சாமியாருக்குப் படிக்கிற உங்கள் குருமடம் முழுக்க நாறும் என்று நான்தான் அனுப்பவில்லை.

போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நன்மையைச் செய், தீமையை விலக்கு என்ற சட்டம் எந்த அரசாங்கமும் எழுதாமலே மனித இயல்பில் இருக்கிறதாம், அதற்கு இயற்கைச் சட்டம் என்று பெயராம். மூன்று தரம் வாசித்தேன். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. போனில் கேட்டால் அண்ணி காதில் விழும், அதுதான் கடிதம்.

பத்து நாளைக்கு முன் இந்திய றோலர் இழுவைப்படகு ஒன்று நம் கடலில் மூழ்கியதும், அதிலிருந்த இரண்டு பேரை நான் கரை சேர்த்ததும் கேள்விப்பட்டிருப்பாய். மூன்றாவது ஆளைக் கடல் கொண்டுபோய்விட்டது. வலையறுக்கிறவர்களை ஏன் காப்பாற்றினாய் என்று மீனவர் சங்கத்தில் சிலர் முறைக்கிறார்கள். பங்குத்தந்தையோ வருகிற ஞாயிறு பூசையில் என்னைப் பீடத்துக்கு முன் நிறுத்தி வாழ்த்தப் போகிறாராம். அண்ணி புது வெள்ளைச் சேட்டும் வாங்கிவிட்டாள்.

நடந்ததைக் கேள். அன்று என்னோடு தொழிலுக்கு வரும் சின்னராசா அண்ணைக்குக் காய்ச்சல், தனியேதான் போனேன். இன்னும் சரியாக விடியவில்லை. இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி மூன்று வருசம் உழைத்து வாங்கிய வலை கந்தல் கந்தலாய்க் கிடந்தது. றோலர் வேலை. அந்த நேரம்தான் ஒரு வெற்று எண்ணெய்க் கலனைப் பிடித்தபடி மூன்று தலைகள் மிதப்பதைக் கண்டேன். ஒருவன் சேட்டைக் கழற்றி ஆட்டினான். கிடந்து சாவுங்கோடா என்று கத்திவிட்டு, படகைக் கரைப்பக்கம் திருப்பிவிட்டேன்.

அரை மணித்தியாலம் ஓடியிருப்பேன். பிறகு என் கையே எஞ்சினைத் திருப்பியது. தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி இந்தியாவுக்கு ஓடிய வழியில், மணல்திட்டில் நீ கைக்குழந்தையாய் அழ, நம்மை ஏற்றிப்போன இராமேஸ்வரத்து மீனவர் நினைவுக்கு வந்தார் என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஒன்றுமே நினைக்கவில்லை, திரும்பினேன், அவ்வளவுதான். போனபோது இரண்டு தலைகள்தான்.

தப்பியவர்களில் ஒருவன் செத்தவனின் தம்பி. என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். முதல்ல ஒரு போட்டுக்காரன் எங்களப் பாத்துட்டே திரும்பிப் போயிட்டாண்ணே, அப்புறம் கடவுளாப் பாத்து உங்கள அனுப்புனாரு என்றான். அரை வெளிச்சத்தில் அவனுக்குப் படகு அடையாளம் தெரியவில்லை. நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். இதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணி, அந்தப் படுபாவி ஆரெண்டு தெரிஞ்சால் மூஞ்சையில காறித் துப்புவன் என்கிறாள். சோறு போடும்போதும் சொல்கிறாள்.

இப்போது சொல்லு. திரும்பி வந்தது இயல்பென்றால், விட்டுவிட்டுப் போனதையும் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லையே. இரண்டும் இதே கைதான். உன் புத்தகத்தில் அந்த அரை மணித்தியாலத்துக்கு இடமிருக்கிறதா? ஒன்று மட்டும் என்னைப் போட்டு அரிக்கிறது. கரையைப் பார்த்து ஓடிய நேரம் முழுக்க நான் ஒருதரம்கூடப் பின்னால் பார்க்கவில்லை. செய்வது சரியென்றால் ஏன் பார்க்கப் பயந்தேன்?

செத்தவனின் தம்பி, அந்தப் பெடியன், விலாசம் தந்துவிட்டுப் போனான். உண்மையை எழுத உட்கார்ந்தால் விலாசத்தை மட்டும் எழுதிவிட்டு எழும்பிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒரு வரியாவது போடு, தம்பி. அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன் நிற்க என்னால் ஏலாது.

ஆண்டவர் உன்னை நல்ல குருவாக்கட்டும். பூசையில் எங்களை நினைக்கும்போது, முதலில் வந்து திரும்பிப்போன அந்தப் படகுக்காரனுக்காகவும் ஒருதரம் செபி, ராசா. அவனுக்காகச் செபிக்க இந்த ஊரில் ஒருவரும் இல்லை.

உன் அண்ணன்,
வின்சன்ட்