மழை மாதத்தில் எடுக்காத தண்ணீர்

அக்கா,

இன்று காலை புக்கிட் செலம்பாவில் ஒரு வீட்டில் கொடுத்த தேநீர் மை போலக் கறுத்திருந்தது. கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம். ஒரு வாய் குடித்தேன், உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

வருடா வருடம் வெயில் காலத்தில் ஆற்றோரக் கிணறுகளுக்கு வந்து தண்ணீர் எடுத்துச் சோதிப்பது என் வேலை. உங்கள் கிணற்றில் போத்தலை நிரப்பும்போதெல்லாம், "வெள்ளம் வடியறப்ப ஒருவாட்டி வாங்க தம்பி. தேத்தண்ணி கருகருன்னு ஆயிடுது லா" என்பீர்கள். "தூளக் கொறச்சுப் போடுங்கக்கா" என்று கிண்டலடிப்பேன். நீங்களும் சிரிப்பீர்கள். மழை மாதங்களில், ஆற்றோரக் கிராமமான உங்கள் கம்பத்துச் சாலை முழங்கால் தண்ணீரில் கிடக்கும், ஆபீஸ் கார் உள்ளே வராது. என் அறிக்கையில் அந்த மாதங்களுக்குக் கட்டமே கிடையாது. "குடிக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். குழாயில் தண்ணீர் சரியாக வராத ஊர். "தம்பியே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்று பக்கத்து வீடுகளுக்கும் நீங்கள்தான் தைரியம் சொன்னீர்கள்.

சிறுநீரகம் பழுதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை.

போன மழைக்கு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே உங்கள் கிணற்றுக்குப் போனேன். அந்தப் போத்தலில் ஆர்செனிக் என்ற நஞ்சு, குடிக்கத் தகுந்த எல்லையைத் தாண்டியிருந்தது. ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் ஆலைகளின் கழிவு ஆற்றோடு வந்து உங்கள் தாழ்நிலத்து மண்ணில் படிந்திருக்கிறது. வெள்ளம் தேங்கும் வாரங்களில் மண்ணுக்குள் காற்று போகாது, படிந்த இரும்பும் அதோடு ஆர்செனிக்கும் கரைந்து கிணற்றுக்கு இறங்கும். உங்கள் தேத்தண்ணி கறுத்தது அந்த இரும்பால்தான். வெயில் வந்தால் மறுபடி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வெயிலில் மறுபடி எடுத்துப் பார்த்தேன், அதே கிணறு சுத்தமாக இருந்தது. என் பழைய தாள்களில் ஓர் எண்கூடப் பொய்யில்லை அக்கா. அதுதான் என்னை அரிக்கிறது.

இரண்டு முடிவுகளையும் உங்கள் மகளிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"அம்மா அத்தன வாட்டி கூப்பிட்டாங்களே, ஏண்ணே வரல?"

"ரோட்ல தண்ணிம்மா."

"நாங்க அந்தத் தண்ணிக்குள்ளதானே இருந்தோம்."

அவள் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் மழையிலும் நடந்து போகிறேன். சோதனையில் சுத்தமென்று வந்த கிணற்றைப் பற்றிக்கூட, குடிக்கலாமா என்று யார் கேட்டாலும், "இப்போதைக்குக் குடிக்கலாம்" என்கிறேன். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை உங்களிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.