மனை என்றால் வீடு

14.3.1982, ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸ்

பூசை முடிந்து வந்ததும் அப்பா தபாலைப் பிரித்தார். வேளாங்கண்ணித் தரகர் பத்திர நகல் அனுப்பியிருக்கிறார். டிசம்பரில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பாவும் அம்மாவும் அங்கே குடிபோகிறார்கள். நான் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பேன். அப்பா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழில் வருவதையெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன்.

“வீடுன்னு ஒரு எடத்துலயும் வரலியே. மனை மனைன்னுதான இருக்கு?” என்றார் அம்மா.

“மனைன்னா வீடும்மா. அதனாலதான் மனைவி.” வகுப்பில் படித்த செய்யுள் ஒன்றையும் சொல்லிக் காட்டினேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு. “கேட்டுக்க மகதலேனா. வீட்ட வாங்குனா நீ இலவசம் லா.”

6.4.1982

பள்ளி விடுமுறை. அப்பாவோடு இந்தியத் தூதரகத்துக்குப் போனேன். தரகரே பதிவை முடிக்க பவர் பத்திரம் வேண்டுமாம். அப்பாவுக்கு இன்னும் இந்தியப் பாஸ்போர்ட், இங்கே குடிமக்கள் அல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாளக் கார்டு. குடியுரிமைக்கு எழுதிப்போடச் சொல்லி அம்மாவும் அலுத்துவிட்டார். “போகப் போறவனுக்கு எதுக்கு?” என்பார் அப்பா.

கையெழுத்துப் போடுமுன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

2.7.1982

பதிவாகிவிட்டது. பழைய திரைச்சீலைகளை அப்பா தூக்கிப்போட விடவில்லை. “அங்க சன்னல் எத்தனன்னு கேட்டு எழுது.” எழுதினேன்.

19.9.1982

மாதா திருவிழாவுக்குப் போயிருந்த கேத்தரின் அத்தை நேராக இங்கே வந்தார்.

“எந்த வீடுண்ணே? நாலு மூலைல கல்லு நட்டிருக்கு, நடுவுல ஆடு மேயுது. தரகர்ட்ட சண்டைக்கே போயிட்டேன். எங்க ஊர்ல மனைன்னா காலி எடம்தாங்க, வீடுன்னு நான் எங்க எழுதுனேன்னு கேக்குறாரு.”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

கட்டுவதற்கு இனிக் கையில் ஒன்றுமில்லை. “மலிவா இருக்கறப்பவே நான் யோசிச்சிருக்கணும்,” என்றார் அப்பா.

அம்மா கேட்டாங்களே. அப்பவே கேட்டாங்களே — நான் எதுக்குச் செய்யுள் சொன்னேன்?

20.9.1982

சன்னல் எத்தனை என்று வேறு கேட்டிருந்தேன். பதிலே வரவில்லை.

5.2.1983, கிள்ளான்

ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்து வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா மேருவில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா, காவல் வேலை.

இன்று குடியுரிமை பாரத்தோடு வந்து உட்கார்ந்தார். எல்லாம் அரசாங்க மலாய்.

“ஏம்மா, ‘பெர்மஸ்தாவுத்தின்’னா என்ன?”

நிலையாகக் குடியிருப்பது. பள்ளியில் எல்லாப் பாடமும் மலாயில் படிக்கிறவள், எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்துபோய் அகராதியை எடுத்துவந்தேன். நான் பக்கத்தைத் தேடும்வரை அப்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.