வியாழக்கிழமை வரப்போகிறவர்கள்

திருகோணமலை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் லோஜினிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று நேற்றும் பத்திரகாளி அம்மனிடம் போய்க் கும்பிட்டு வந்தேன். நாள்தோறும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற அம்மாவுக்குத் திடீரென்று தாளும் பேனையும் எதற்கு என்று யோசிப்பாய். நான் எடுக்கிறபோதெல்லாம் தர்மினி உன் தோளுக்குப் பின்னால் நின்று "அன்ரி சுகமா" என்று தலையை நீட்டுகிறாள். போன கிழமை உனக்கு அனுப்பிய குரல் பதிவுக்கு உனக்கு முதல் அவள்தான் பதில் போட்டாள். ஒரே அறையில் இருக்கிற பிள்ளைகள், அதைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றால் எனக்கு வேறு வழியில்லை. ஜெமீலா அக்காவின் மகள் றிஷானா நாளைக்குப் புறப்படுகிறாள், திங்கட்கிழமை உன்னைத் தேடி வருவாள். நியூசிலாந்துக்குள் கருவாடு விடமாட்டார்களாம், அதனால் இந்த முறை உனக்குக் கிடைப்பது தலை துவட்ட இரண்டு துவாயும் இந்தக் கடிதமும்தான். தனியாக இருக்கும்போது பிரி.

வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, ஆனாலும் துறைமுகத்துக்குச் சைக்கிளில்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம், அந்தப் பிடிவாதம் உனக்கும் அப்படியே வந்திருக்கிறது. எனக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் வேலை முன்னைவிடக் கூட. அந்தக் குசினிக்குள்தான் போன ஞாயிறு தர்மினியின் அப்பா வந்தார். பாக்கியரத்தினம் அண்ணை எங்கள் வீட்டில் முன்பக்கக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற ஆள், அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்து நின்றார். வியாழக்கிழமைக்குச் சாப்பாடு வேண்டுமாம். காட்டுக் கிழங்கு அவித்து, தேன் வைத்து, குரக்கன் பிட்டும் நண்டுக் கறியும், எல்லாம் மண்சட்டியில், மேசைக் கரண்டி ஒன்றும் வேண்டாமாம். இங்கே சமைத்து வேனில் ஏற்றி மூதூருக்கு அப்பால், எங்களுக்கு நண்டு கொண்டுவருகிற கனகம்மாவின் ஊருக்குக் கொண்டுபோய், அங்கேயே ஆக்கினது என்று வைக்க வேண்டுமாம். வாழ்நாளெல்லாம் கச்சேரியில் அரசாங்க வேலை செய்து, மரக்கறிக்கே மூன்று தரம் குறை சொல்கிற மனுசன், காட்டுக் கிழங்கு கேட்கிறார் என்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பிறகுதான் முழுக்கச் சொன்னார். தர்மினிக்குக் கிடைத்த இடம் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியது என்றும், தாங்கள் கரையோர வேடர் வம்சம் என்று எழுதித்தான் அவள் அதை எடுத்தாள் என்றும் உனக்குத் தெரியும், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அங்கே யாரோ சந்தேகம் சொல்லியிருக்கிறார்கள், அதனால் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் நேரில் பார்க்க வருகிறார்கள். உண்மையிலேயே வேடர் சனமான கனகம்மாவின் வீட்டைத் தன் தாயின் வீடு என்று காட்டப் போகிறாராம். "நீங்களும் எங்கட வம்சம்தான் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ அக்கா, அவங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்றார். எனக்கு ஏலாது என்றேன். அவர் கோபிக்கவில்லை லோஜினி, அதுதான் எனக்குப் பயம். சட்டியை ஒன்றொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு, "உங்கட மகளும் அங்க எங்களுக்காகச் சொன்னவள்தானே, நாங்கள் விழுந்தால் தனிய விழமாட்டம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு தரம் எங்கள் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி உள்ளே பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். யார் வந்தாலும் வா என்று சொல்கிற வீடு இது, நானே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

அன்றைக்கு உன்னைப் போனில் சுற்றி வளைத்துக் கேட்டேனே, நினைவிருக்கிறதா. "பல்கலைக்கழக அலுவலகத்தில தர்மினி ஆக்களைப் பற்றிக் கேட்டவை அம்மா, எங்கட பக்கத்து ஆக்கள்தான் எண்டு மட்டும்தான் சொன்னனான், பொய் சொல்லேல்லை" என்றாய். பக்கத்து ஆட்கள்தான், ஓம், மூன்று வீடு தள்ளி. ஆனால் அவர்கள் எதைக் கேட்டார்கள் என்று உனக்கு நன்றாகத் தெரியும் பிள்ளை, நீ எதைச் சொல்லாமல் விட்டாய் என்றும் தெரியும். தர்மினி கெட்ட பிள்ளை என்று நான் சொல்ல வரவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தவள், அதை மறக்க மாட்டேன். எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், அவளுடைய தாய் சம்பூர்க்காரி, இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குள் உடுத்த உடுப்போடு ஓடிவந்து எத்தனை வருசம் முகாமில் கிடந்தவள். எழுதுவதற்கு அந்தச் சொந்தத் துயரம் போதாதா? இன்னொரு சனத்தின் பெயரை எடுத்துப் போட்டுக்கொள்ள என்ன அவசியம் வந்தது?

கனகம்மா நேற்று வந்தாள். வழக்கமாக நண்டோடு வருகிறவள், நேற்று வெறுங்கையோடு வந்து குசினி வாசலில் நின்று ஒரே சிரிப்பு. பாக்கியரத்தினம் அண்ணை அங்கே போய், வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள், வீட்டைத் துப்பரவாக வை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஊர்ப் பூசாரியிடம் போய், முன்னோருக்குச் செய்கிற சடங்கை வியாழக்கிழமை ஒருக்கால் செய்து காட்டுங்கள் என்றும் கேட்டிருக்கிறார். அது வருசத்தில் அதற்கென்ற மாதத்தில் மட்டும் செய்கிறது, ஆட்களுக்குக் காட்ட என்று யாரும் செய்வதில்லை. கிழவன் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கூப்பிட்டா முன்னோர் வருவினம் தம்பி. வந்து, நீ ஆருடைய பிள்ளை எண்டு உன்னைக் கேட்டா என்ன சொல்லுவாய்?" என்றாராம். கனகம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.  எனக்கு இரவு முழுக்க அந்தக் கேள்வி காதுக்குள் நின்றது.

அவள் ஏன் அவ்வளவு சந்தோசமாக இருந்தாள் தெரியுமா? அவளுடைய மகள் குமுதாவும் போன வருசம் இதே இடத்துக்கு விண்ணப்பம் எழுதினவள். உங்கள் ஆட்களுக்கு உரிய இடம் உங்கள் ஆட்களிலேயே ஒரு பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று என்று பதில் வந்ததாம். அந்தப் பிள்ளை எந்த ஊர் என்று ஊர் ஊராகக் கேட்டும் ஒருவருக்கும் தெரியவில்லையாம். குமுதா இப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றுகிறாள். வியாழக்கிழமை வருகிறவர்கள் தன் மகளைத்தான் பார்க்க வருகிறார்கள் என்று கனகம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டாள். அது இல்லை என்று சொல்ல எனக்கு நேற்று வாய் வரவில்லை.

அப்பா இதில் தலையிட வேண்டாம் என்கிறார், பிள்ளையின் படிப்பு முடியட்டும் என்கிறார். உனக்கு ஒன்றும் வராது என்று சொல்லி உன்னைத் தேற்ற எனக்கும் ஆசைதான், சொல்ல ஏலாது. அறை போகலாம், சிநேகிதம் போகும், உன் படிப்புக்கே இடைஞ்சல் வரலாம்.  ஆனாலும் வியாழக்கிழமை நான் அடுப்பு மூட்டப் போவதில்லை. காலையில் மூதூர் பஸ் எடுத்துக் கனகம்மாவின் வீட்டுக்குப் போய் இருக்கப் போகிறேன். அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்வேன், உன் பெயரும் அதில் வரும். நான் சொன்ன பிறகு நீ சொன்னால் அகப்பட்டவள் சொன்னதாகத்தான் எடுப்பார்கள். புதன்கிழமைக்குள் முதலில் தர்மினியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பிறகு அலுவலகத்துக்கு நீயாகவே போ. அவளுக்குத் தெரியாமல் போகாதே, அதுவும் சரியில்லை.

உனக்காக இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்திருப்பேன் மகள். ஆனால் கனகம்மா நேற்றுப் போகும்போது, குமுதாவுக்கு வியாழக்கிழமை போட ஒரு நல்ல உடுப்பு இரவலாகக் கேட்டாள். உன் அலுமாரியைத் திறந்து, நீ விமானம் ஏறின அன்று போடுவதற்கென்று தைத்து, பிறகு குளிர் என்று விட்டுவிட்டுப் போன நீலச் சல்வாரை எடுத்துக் கொடுத்தேன். அளவு அவளுக்குச் சரியாக இருக்கும்.

அம்மன் உன்னைக் கைவிடமாட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, றிஷானாவை வெறும் தேத்தண்ணியோடு அனுப்பாதே. புதன்கிழமை இரவு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

என்றும் உன் நன்மையையே வேண்டும்,
அம்மா